ஸ்டாஃப் டிக்கட்டில் ஸ்டான்ட்பையாகப் போவது: மலையகக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு விமான நிறுவனத்தின் தரைப் பணியில் இருக்கிறேன், பதினோரு வருடமாகிறது. வீடு மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். லீவில் ஊருக்குப் போனால் கையில் கொடுத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் யாராவது ஸ்டாஃப் டிக்கட் கதையை, அதாவது விமான நிறுவனம் தன் ஊழியருக்கும் அவர் வீட்டாருக்கும் சலுகையில் கொடுக்கும் டிக்கட்டின் கதையை, எடுத்துவிடுவார். இப்போது நம்ம பிள்ளைகள் பலர் விமான வேலைக்கு வந்துவிட்டதால், அவர்கள் வீட்டாரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒரே பதிலை நூறு பேருக்கு நூறு தடவை சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஸ்டான்ட்பை என்றால் என்ன? டிக்கட் இருக்கிறதென்றால் இடமும் இருக்கத்தானே வேண்டும்?

இல்லை. காசு கொடுத்த பயணிகள் எல்லோரும் ஏறி முடிந்த பிறகு இடம் மிஞ்சினால் நீங்கள் ஏறலாம், மிஞ்சாவிட்டால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை அப்பாவுக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கடைசியில் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தை வைத்துச் சொன்னேன். கைக்காசு வேலைக்கு, அதாவது பதிவில்லாமல் அன்றாடக் கூலிக்கு, வந்தவர் பிரட்டில் ஓரமாக நிற்பார். செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பேர் உள்ளவர்களுக்கெல்லாம் மலையைப் பிரித்துக் கொடுத்த பிறகு, இன்னும் ஆள் தேவைப்பட்டால்தான் கணக்கப்பிள்ளை அவர் பக்கம் திரும்புவார். ஸ்டாஃப் டிக்கட்காரரும் அந்தக் கைக்காசு ஆள்தான். "அப்போ விடியக்காலையே போய் நின்றாலும் சும்மா திரும்பி வர வேண்டி வருமோ?" என்றார் அப்பா. வரும்.

டிக்கட்டில் சில எழுத்துகள் இருக்கும், அவற்றைப் பார்த்து வையுங்கள். ஐடி 90 என்றால் முழு விலையில் 90 வீதம் கழிவு. ஆர் 2 என்று இருந்தால் இடம் இருந்தால்தான் பயணம். ஆர் 1 என்றால் இடம் உறுதி, அது அபூர்வம், பெரும்பாலும் வருடத்துக்கு இத்தனை என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். வேறு நிறுவனத்தின் விமானத்தில் போவதற்கு ஸெட் என்று ஒரு கட்டண முறை இருக்கிறது. தூரத்தை வலயங்களாகப் பிரித்து, நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி குறைந்தது, நடுத்தரம், கூடியது என்று விலை வைத்திருப்பார்கள்.

முழுக்க ஓசிதானே?

ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். டிக்கட் விலை பூச்சியமாக இருந்தாலும் விமான நிலைய வரிகளையும் மற்றக் கட்டணங்களையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். திருச்சி, சென்னை மாதிரிக் கிட்டத்து ஊர்களுக்கு வரியே பெரிய தொகையாக நிற்கும். மலிவு விலை நிறுவனம் ஒன்று சலுகை போட்டிருக்கும் நாளில் சாதாரண டிக்கட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தலவாக்கலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஒரு வேன் பிடிக்கும் காசுக்குக்கூடப் போதாது. அதனால் கிட்டத்து ஊருக்கென்றால் முதலில் சாதாரண டிக்கட் விலையைப் பாருங்கள். ஸ்டாஃப் டிக்கட்டின் உண்மையான லாபம் லண்டன், மெல்பேர்ன் மாதிரித் தூரங்களில்தான்.

யார் யாருக்குக் கிடைக்கும்? மாமா, சித்தப்பா, மச்சான்?

பொதுவாகக் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அப்பா, அம்மா. கூடப் பிறந்தவர்களைச் சில நிறுவனங்கள் சேர்க்கும், சில சேர்க்காது. கலியாணம் கட்டாத ஆளுக்கு ஒரு துணைப் பயணியை எழுத விடும் நிறுவனங்களும் உண்டு. மாமா, மச்சான் எல்லாம் அநேகமாக வெளியில்தான்.

இங்கே நம்ம ஆட்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் இருக்கிறது. மனைவியின் பெயரைச் சேர்க்கப் பதிவுத் திருமணச் சான்றிதழ் வேண்டும். கோயிலில் தாலி கட்டி, தோட்டமே வந்து சாப்பிட்டுப் போன கலியாணமாக இருக்கும், பதிவு மட்டும் செய்திருக்க மாட்டார்கள். அப்புறம் பெயர்ப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னாலும் பின்னாலும் மாறிக் கிடக்கும். என் அம்மாவின் பெயரே மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தது. டிக்கட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். சாதாரணப் பயணிக்கு அதைத் திருத்த நேரம் இருக்கும், ஸ்டான்ட்பைக்காரருக்குக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் இடம் கிடைக்கும், அந்த நேரத்தில் யார் திருத்துவது? முதலில் ஆவணங்களைச் சரிசெய்யுங்கள். பாஸ்போர்ட்டுக்குப் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை, கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது.

இடம் இருக்குமா என்று முன்கூட்டியே பார்க்க முடியாதா?

பார்க்கலாம், ஆனால் பார்ப்பது கணிப்புத்தான். வேலை செய்யும் ஆளுக்கு நிறுவனத்தின் கணினியில் லோட் தெரியும்: மொத்தம் எத்தனை இருக்கை, எத்தனை விற்றிருக்கிறது, ஸ்டான்ட்பையில் எத்தனை பேர் பெயர் கொடுத்து லிஸ்ட் ஆகியிருக்கிறார்கள். மூன்றாவது எண்ணைப் பார்க்காமல் "இன்னும் 12 இடம் இருக்கு, வா" என்று அம்மாவைக் கூப்பிடும் தம்பிமார்தான் அதிகம். அந்த 12 இடத்துக்கு 15 பேர் பெயர் கொடுத்திருப்பார்கள். இணையத்தில் இருக்கை வரைபடத்தைப் பார்த்து முடிவெடுக்கவே வேண்டாம். காலியாகத் தெரியும் இருக்கை, இன்னும் இருக்கை தெரிவு செய்யாத ஆளுடையதாகவும் இருக்கலாம்.

யாருக்கு முதலிடம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சிலவற்றில் சேவைக்காலம் பார்ப்பார்கள், சிலவற்றில் யார் முதலில் செக்-இன் செய்தார் என்று பார்ப்பார்கள். சொந்த நிறுவனத்து ஆட்கள் ஏறிய பிறகே வேறு நிறுவனத்து ஆட்களின் முறை வரும்.

இன்னொன்று, இருக்கை காலியாக இருந்தாலும் ஏற்றாமல் விடுவதுண்டு. போய்ச் சேரும் ஊரில் வானிலை மோசமென்றால் வேறு ஊருக்குத் திரும்ப வேண்டி வரலாம் என்று கூடுதல் எரிபொருள் ஏற்றுவார்கள். சரக்கும் நிறைய இருந்தால் எடை எல்லையைத் தொட்டுவிடும். அப்போது பத்து இருக்கை வெறுமையாகப் பறந்து போவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியதுதான். அதற்காக விமானத்துக்கு ஏற்றும் வாசலில், அதாவது கேட்டில், நிற்கும் ஊழியப் பிள்ளையோடு சண்டை போடாதீர்கள், அந்தப் பிள்ளையின் கையில் ஒன்றும் இல்லை.

சரி, எதிர்ப்பக்கமும் இருக்கிறது. விமானம் நிறைந்துவிட்டது என்று காட்டும் நாளிலும் சிலர் வராமல் விடுவார்கள், சிலருக்கு இணைப்பு விமானம் தவறும். அதனால்தான் பழைய ஆட்கள் கடைசிவரை கேட்டை விட்டு நகர மாட்டார்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

மாதத்தை மட்டும் பார்க்காமல் திசையையும் சேர்த்துப் பாருங்கள். டிசம்பர் நடுவில் லண்டனிலிருந்து கொழும்புக்கு வரும் விமானங்கள் நிறைந்து வழியும், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் எல்லாம் ஊருக்கு வருவார்கள். அதே கிழமையில் இங்கிருந்து போகும் பக்கம் அவ்வளவு நெரிசல் இருக்காது. ஜனவரியில் அப்படியே தலைகீழ். ஓகஸ்டில் பள்ளிக்கூட விடுமுறை, நல்லூர்த் திருவிழா என்று மறுபடியும் கூட்டம்.

இந்தியப் பக்கத்துக்கு வேறு கணக்கு. கார்த்திகை பிறந்ததிலிருந்து தை மகர விளக்குவரை ஐயப்ப சாமிமார் கூட்டங்கூட்டமாகப் போவார்கள், ஒரு குருசாமியோடு நாற்பது பேர் வந்தால் சின்ன விமானத்தில் கால்வாசி போய்விடும். மழை முடிந்த குளிர்காலத்தில் சிங்கள மக்கள் புத்தகயா யாத்திரை போகும் பருவமும் அதோடு சேரும். தீபாவளிக்கு முந்திய கிழமை உடுப்பு எடுக்கச் சென்னைக்குப் போகிறவர்கள். ஏப்ரல் 13, 14 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மத்திய கிழக்கிலிருந்து வரும் விமானங்களில் ஸ்டான்ட்பையை நினைத்தும் பார்க்காதீர்கள், வருடம் முழுக்க வீட்டு வேலை செய்த அக்காமார் பிள்ளைகளைப் பார்க்க வரும் நேரம் அது.

எனக்குப் பிடித்தது பெப்ரவரியின் பின்பாதி, பிறகு மே கடைசியிலிருந்து ஜூன்வரை. செவ்வாய், புதன் நல்லது. நீண்ட வார இறுதியோடு போயா என்ற பௌர்ணமி விடுமுறை ஒட்டி வந்தால் விட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது இதுதான். என்னோடு வேலை செய்யும் நீர்கொழும்புப் பையனுக்கு இடம் கிடைக்கவில்லையென்றால் முச்சக்கரவண்டி பிடித்து வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்கிவிட்டு நாளைக்கு வருவான். நமக்கு அப்படியா? தலவாக்கலையிலிருந்து வந்த அம்மா இரவு பதினொன்றரைக்கு ஓஃப்லோட் ஆனால், அதாவது இடமில்லை என்று நிறுத்தப்பட்டால், எங்கே போவார்? ஸ்டான்ட்பை பற்றி வெள்ளைக்காரர் எழுதும் யோசனைகளெல்லாம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்கும் ஆட்களுக்கானவை. நம்முடைய கணக்கில் மலைப்பாதையையும் சேர்க்க வேண்டும்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துள்கலை, அவிசாவளை வழியாக வந்தால் நல்ல நாளில் நான்கைந்து மணித்தியாலம். மழை நாளில் எண்ணிக்கையே கிடையாது. மண் சரிந்தால் பாதை மூடிவிடும், 2025 நவம்பர் டிட்வா புயலில் ரோடும் ரயிலும் சேர்ந்து அறுந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பதுளை, பண்டாரவளை ஆட்களுக்கு இன்னும் தூரம். கண்டிப் பக்கத்து ஆட்கள் கொழும்பு வரை இறங்கிப் போகாமல் நீர்கொழும்புப் பஸ்ஸில் வரலாம்.

என் ஏற்பாடு இதுதான். வயதானவர்களையும் பிள்ளைகளையும் முதல் நாளே இறக்கிவிடுவேன். வத்தளை, நீர்கொழும்பு, கொழும்பு என்று எங்கேயாவது ஒரு சொந்தக்காரர் வீடு நம்ம எல்லோருக்கும் இருக்கும். அங்கே ஒரு இரவு தங்குவதற்கு மட்டுமல்லாமல், இடம் கிடைக்காவிட்டால் திரும்பி வந்து இரண்டாவது இரவும் தங்குவதற்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வேன் பிடித்தால் ஆளை இறக்கியதும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், டிரைவர் அண்ணாவுக்குக் காத்திருப்புக் காசு கொடுத்தாவது விமானம் கிளம்பும்வரை நிறுத்துங்கள். அந்தக் காசை மிச்சம் பிடித்த ஒரு குடும்பம் விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைய முதல் விமானத்துக்கு லிஸ்ட் பண்ணுங்கள், அது தவறினாலும் அதே நாளில் அடுத்தது இருக்கும். இரவின் கடைசி விமானத்தை நம்பி மலையிலிருந்து இறங்க வேண்டாம்.

கலியாணத்துக்குப் போகலாமா?

முகூர்த்தம் உங்களுக்காகக் காத்திருக்காது. கலியாணம், காதுகுத்து, நேர்முகப் பரீட்சை, டாக்டரைப் பார்க்கும் நாள் என்று தேதி குறித்த எதற்கும் ஸ்டான்ட்பை வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால் நான்கு நாள் முந்தியே போய்விடுங்கள். சாவு வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டி வந்தால் முதலில் மேலதிகாரியிடம் சொல்லுங்கள், மரண அவசரத்துக்கு முன்னுரிமை கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு பயமில்லைதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு டிசம்பர் கடைசியில் அப்பாவையும் அம்மாவையும் திருச்சிக்கு அனுப்பினேன், துறையூர்ப் பக்கம் அப்பாவின் பாட்டன் வழிச் சொந்தம், தேடிப்பிடித்து முதல் தடவையாகப் போனார்கள். போகும்போது விமானம் பாதி காலி. பெருமையாக இருந்தது. திரும்பி வரும் நாளின் லோடை ஒழுங்காகப் பார்க்காதது என் பிழை. முதல் நாள் இடமே இல்லை. இரண்டாம் நாள் ஒரே ஒரு இடம், அம்மா தனியாகப் போக மாட்டேன் என்றார், அப்பாவும் விட்டுக்கொடுக்கவில்லை, அந்த ஒரு இடமும் போனது. மூன்றாம் நாள் மறுபடியும் நிறைவு. கையில் இருந்த இந்தியக் காசு கரைந்துகொண்டே வந்தது, விடுதிக்காரர் தினமும் காலையில் "இன்னிக்காவது கிளம்புவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். நான்காம் நாள் வேறொரு நிறுவனத்தில் சென்னையிலிருந்து முழு விலைக்கு இரண்டு டிக்கட் வாங்கினேன், இரவு பஸ்ஸில் சென்னைக்குப் போய் ஏறினார்கள். மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் ஆரம்பத்திலேயே சாதாரண டிக்கட் எடுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு மூன்று பழக்கம் வைத்திருக்கிறேன். போகும் லோடைவிடத் திரும்பும் லோடை இரண்டு மடங்கு கவனமாகப் பார்ப்பேன். திரும்புவதற்கு ஆளுக்கு ஒரு முழு டிக்கட் வாங்கும் காசை எடுத்து வைக்காமல் யாரையும் அனுப்ப மாட்டேன். மாற்று வழியையும் எழுதிக் கொடுத்துவிடுவேன்: திருச்சி இல்லையென்றால் மதுரை, சென்னை. யாழ்ப்பாணம் வழியாகவும் வரலாம், பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது, சென்னையிலிருந்து சின்ன விமானங்கள் வருகின்றன. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல்கூட இருக்கிறது, ஆனால் வடகீழ்ப் பருவ மழையில் அதை நம்ப முடியாது, யாழ்ப்பாணத்தில் இறங்கிய பிறகு மலைக்கு வருவது தனிப் பயணம்.

விசாவையும் பாருங்கள். இந்திய இ-விசாவில் குறிப்பிட்ட விமான நிலையங்கள் வழியாகத்தான் உள்ளே போகலாம், வெளியே வரும்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் போகும்போது ஊரை மாற்றுவதென்றால் யோசித்து மாற்றுங்கள். திரும்பும் தேதிக்கும் விசா முடியும் தேதிக்கும் நடுவில் ஒரு கிழமையாவது இருக்கட்டும். இந்திய விமான நிலையங்களில் வாசலிலேயே டிக்கட்டும் பாஸ்போர்ட்டும் கேட்பார்கள், போனில் காட்டத் தடுமாறும் பெரியவர்களுக்குத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் ஐந்து பேர், ஒன்றாக லிஸ்ட் பண்ணலாமா?

ஐந்து பேரும் ஒரே பதிவில் இருந்து நான்கு இடம் மட்டும் கிடைத்தால் ஐந்து பேருமே நிற்க வேண்டி வரலாம். இரண்டாகப் பிரித்துப் போடுங்கள், ஒவ்வொரு பிரிவிலும் விவரம் தெரிந்த ஒரு பெரிய ஆள் இருக்கட்டும். யார் முதலில் போவது, யார் பின்னால் வருவது என்று வீட்டிலேயே பேசி முடியுங்கள், கேட்டில் நின்று பேச இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. பாஸ்போர்ட்டும் காசும் ஒருவர் பையிலேயே இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்து இருக்கையை எதிர்பார்க்காதீர்கள்.

பெட்டி?

கையில் தூக்கும் ஒரு பை. அவ்வளவோடு போகிறவருக்குத்தான் ஸ்டான்ட்பை சுகம், கடைசி நேரத்தில் பெயர் கூப்பிட்டால் ஓடலாம், வேறு விமானத்துக்கு மாறலாம். பெட்டி போட்டே ஆக வேண்டுமென்றால் மருந்து, ஒரு மாற்று உடுப்பு, சுவெட்டர் மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும். போகும்போது சொந்தக்காரருக்கு ஐந்து கிலோ தேயிலை, வரும்போது குத்துவிளக்கும் சேலையும் என்று கட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, சாதாரண டிக்கட்டில் போகும்போது கட்டுங்கள்.

என்ன உடுத்துவது, எப்படி நடந்துகொள்வது?

சேலை, சல்வார், காலர் வைத்த சேர்ட், சப்பாத்து எல்லாம் சரி. ரப்பர் செருப்பு, அரைக்காற்சட்டை, கிழிந்த ஜீன்ஸ் வேண்டாம், சில நிறுவனங்களில் அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். பெயரைக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் காது கேட்கும் தூரத்தில் உட்காருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்டால் இடம் கூடாது. பக்கத்து இருக்கைக்காரரிடம் "நாங்க மகனோட டிக்கட், வரி மட்டும்தான் கட்டினோம்" என்று சொல்ல வேண்டாம், அவர் கடன் வாங்கி டிக்கட் எடுத்தவராக இருப்பார். உங்கள் நடத்தை வேலை செய்யும் பிள்ளையின் கோப்பில் போய் விழும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிசினஸ் கிளாஸ் கிடைக்குமா?

கிடைத்தால் வாயை மூடிக்கொண்டு போய் உட்காருங்கள். கேட்காதீர்கள்.

தம்பி கட்டாருக்கு வேலைக்குப் போகிறான், என் சலுகையில் அனுப்பலாமா? பக்கத்து லயத்து அண்ணாவுக்கு ஒரு டிக்கட் எடுத்துக் கொடுத்தால் காசு தருவாராம்.

இரண்டுக்கும் முடியாது என்பதே பதில். இந்தச் சலுகை பொழுதுபோக்குப் பயணத்துக்கு, தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்று பெரும்பாலான நிறுவனங்களின் விதியிலேயே இருக்கிறது. தம்பி வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து ஒழுங்கான டிக்கட்டில் போகட்டும், முதலாளி குறித்த நாளில் போய் நிற்க வேண்டியவன் அவன். டிக்கட்டை விற்பது நேராக வேலையைப் பறிக்கும் விஷயம். ஊரில் மறுத்தால் "பெரிய ஆளாயிட்டான்" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இடம் தராவிட்டால் நட்டஈடு, ஹோட்டல் ஏதாவது?

ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் பயணிகளுக்கு நட்டஈடு வாங்கித் தரும் 2004ஆம் ஆண்டின் 261ஆம் இலக்க ஒழுங்குவிதிகூட, இலவசமாகவோ பொதுமக்களுக்குக் கிடைக்காத சலுகை விலையிலோ போகிறவர்களைத் தெளிவாக விலக்கிவைத்திருக்கிறது. பயன்படுத்தாத டிக்கட்டுக்குக் காசைத் திருப்பிக் கேட்கலாம், கேட்க மறக்காதீர்கள். குடிவரவைத் தாண்டிய பிறகு ஓஃப்லோட் ஆனால் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையை ரத்துச் செய்துதான் வெளியே விடுவார்கள், அதற்கு ஊழியர் ஒருவர் கூட வருவார். தனியாக வெளியே நடக்கப் பார்க்காதீர்கள்.

அம்மாவுக்கு உயரம் ஒத்துக்கொள்ளுமா?

நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். விமானம் பதினோராயிரம் மீட்டரில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். நம்ம ஆட்கள் பிறந்ததிலிருந்து மூச்சு விட்டுப் பழகிய உயரத்துக்குக் கிட்டத்தட்ட அது. இருதய நோயோ சுவாச நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும், மற்றபடி பயமில்லை. காது அடைக்கும், மிட்டாய் ஒன்று வாயில் போட்டுக்கொள்ளட்டும். என் அம்மா முதல் தடவை இறங்கியதும் போன் எடுத்தேன். பயமாக இருந்ததா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல தம்பி, உள்ள நம்ம ஊரு குளிரு மாதிரிதான். திருச்சியில இறங்கினதும்தான் வெயில் தாங்கல" என்றார்.